முழங்கால் சுண்ணாம்பில் ஒரு கூட்டம்

கணக்கப்பிள்ளை கோவிந்தசாமி முதலாளியின் காதுக்குள் மறுபடியும் கத்த ஆரம்பித்தபோது, சுண்ணாம்புக் குழி மேஸ்திரி தேவசகாயம் வாசற்பக்கம் திரும்பி வெயிலைப் பார்த்தான். ஓட்டுத் தாழ்வாரத்தின் நிழல், தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழிகளைக் கைவிட்டு உள்ளே சுருங்கிக்கொண்டிருந்தது. உச்சிக்கு ஆம்பூர் ஸ்டேஷனில் பாசஞ்சர் வண்டி வந்து நிற்கும். அதில் அவன் மகள் சவுரியம்மாள் புருஷனோடு கோலார் தங்க வயலுக்குப் போகிறாள். மருமகனுக்கு லீவு முடிந்துவிட்டது என்று நேற்றுச் சாயங்காலம்தான் ஒடுகத்தூரிலிருந்து ஆள் வந்து சொன்னான். மாட்டு வண்டியில் நேரே ஸ்டேஷனுக்கே வந்துவிடுவார்களாம். சுரங்கத்துக்குப் போனவர்கள் நினைத்தபோது திரும்புவதில்லை. தாயில்லாமல், அவன் உடம்பில் வருகிற தோல் நாற்றத்தோடே வளர்ந்த பெண். "அப்பன் வந்து நிப்பான்னு சொல்லு" என்று அந்த ஆளிடமே சொல்லி அனுப்பியிருந்தான்.

எழுந்து போய்விட வேண்டியதுதானே என்று கேட்கலாம். முதலாளி மக்பூல் அகமது சாயபுவின் தோல் பதனிடும் கிடங்கில் கூட்டம் நடக்கும்போது எழுந்து போனவன் அதுவரை பிறக்கவில்லை.

கூட்டம் என்கிற சங்கதியைக் கொண்டுவந்தவர் சாயபுவின் தம்பி மகன் இஷ்தியாக் அகமது. மெட்ராஸில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, காலில் பூட்ஸும் வாயில் 'மீட்டிங்'குமாகத் திரும்பி வந்தார். அங்கே துரைமார்கள் வாரத்துக்கொரு தரம் கூடுவார்களாம். ஒரு சுருட்டு புகைந்து தீர்வதற்குள் எல்லாம் பேசி முடித்துக் கலைந்துவிடுவார்களாம். அதே ஏற்பாட்டை அவர் இங்கே செய்தார். சுருட்டு மட்டும்தான் வரவில்லை. துரைமார்களிடம் இல்லாத மரியாதை இங்கே நிறைய இருந்தது. பெரியவர் இருக்கச் சின்னவர் வாய் திறக்கக் கூடாது. பெரியவரோ, "நீங்க முதல்ல சொல்லுங்க" என்று சின்னவரைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார். கடைசியில் யாராவது உருதுவில் ஒன்று சொன்னால், கோவிந்தசாமி அதைச் சுண்ணாம்புக்காரர்களுக்காகத் தமிழில் சொல்வார். பிறகு, காது மந்தமான சாயபுவுக்காக அதையே காதருகில் போய்க் கத்துவார். ஒரு வார்த்தை மூன்று பிறவி எடுத்த பிறகே அந்தக் கொட்டகையில் அதற்கு மோட்சம்.

கிணற்றுக்குப் புதுக் கயிறு வாங்குவதா என்று ஒரு சமயம் கூடினார்கள். வாங்கலாம் என்று முடிவானபோது கிணறு வற்றிவிட்டிருந்தது. இன்னொரு தரம், பம்பாயிலிருந்து வந்த ஒரு வியாபாரி, தமிழில் ஒரு சொல்லும் தெரியாமல் வந்து உட்கார்ந்தவர், கூட்டம் முடிகிற சமயத்தில் சுத்தமான தமிழில் கோபித்துக்கொண்டு போனார். கோவிந்தசாமி காலையில் மழமழவென்று சவரம் செய்துகொண்டு உள்ளே போவார்; வெளியே வரும்போது அவர் சம்சாரத்துக்கே அடையாளம் தெரியாது. இதையெல்லாம் நம்பாதவர்கள் அங்கே இருந்தவர்களைக் கேட்டுக்கொள்ளலாம். அவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை என்பது வேறு விஷயம்.

அன்றைக்கு எடுத்துக்கொண்ட விஷயம், கூட்டத்தை எப்படிச் சுருக்குவது என்பது.

"ஜாஸ்தி நேரம் பூடுது. வேலை கெடுது," என்றார் இஷ்தியாக். "எப்டிக் கம்மி பண்றதுன்னு ஒவ்வொர்த்தரும் யோசனை சொல்லணும். ஒர்த்தரும் பாக்கியில்லாம."

தோல்களைத் தரம் பிரிக்கும் முக்தார் அகமது தொண்டையைச் செருமிக்கொண்டார். பேச்சு சுருக்கமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய யோசனை. அதைச் சொல்ல, தன் மாமனார் ஹஜ்ஜுக்குப் போன கப்பலில் ஏறி, ஜித்தாவில் இறங்கி, திரும்புகிற வழியில் பம்பாயில் தங்கி, வாணியம்பாடி வந்து சேர்ந்தார். தேவசகாயத்தின் முதுகு தூணில் சரிந்தது. அவனுக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். விடியலிலிருந்து குழியில் நின்று ஈரத்தோலை இழுத்துப் போட்டவனுக்கு, உட்கார்ந்து கேட்பது இழுப்பதைவிடப் பெரிய பாரமாக இருந்தது. தோலையாவது ஓரிடத்தில் இறக்கி வைத்துவிடலாம்.

கப்பல் வாணியம்பாடி வந்து நின்ற இடைவெளியில் அவன் எழுந்தான்.

"சாப், ஒரு சொந்த சமாச்சாரம். எம் பொண்ணு..."

"சொந்த சமாச்சாரம் கடைசில, மேஸ்திரி. நேரம் வீணாவக் கூடாதுன்னுதானே அந்த ரூலே போட்டோம்?" என்றார் இஷ்தியாக். அந்த ரூல் ஏன் தேவை, அது இல்லாத காலத்தில் எவ்வளவு நேரம் வீணானது என்பதைப் பிறகு விளக்கமாகச் சொன்னார். கோவிந்தசாமி அதைத் தமிழாக்கினார். அப்புறம் காதுக்குப் போனார். நிழல் தாழ்வாரத்துப் படியைத் தொட்டது.

"சரி மேஸ்திரி, நின்னுட்டே இல்ல, ஒன் யோசனைய சொல்லிட்டு ஒக்காரு."

அவன் வாயிலிருந்து வந்தது யோசனையே அல்ல, எரிச்சல்தான். "எல்லாரும் சுண்ணாம்புக் குழில எறங்கி நின்னுக்கினு பேசுவோம் சாப். காலு எரிஞ்சா வாயி தானா மூடிக்கும்."

கோவிந்தசாமிக்கு இதை உருதுவில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. வருஷக்கணக்கில் எதுவும் நேராகக் காதில் விழாத மக்பூல் சாயபுவுக்கு இது மட்டும் விழுந்துவிட்டது. அவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"பஹுத் அச்சா! இப்பவே எறங்கு! எல்லாரும்!"

முந்தின நாள் தோல் எடுத்த குழி ஒன்று காலியாக இருந்தது. முழங்காலளவுக்குப் பழைய சுண்ணாம்பு நீர். வேட்டிகளும் கைலிகளும் மேலே ஏறின. தேவசகாயமும் அவன் ஆட்களும் முதலில் இறங்கினார்கள். இஷ்தியாக் அகமது பூட்ஸைக் கழற்றினார். உள்ளேயிருந்து பால் நிறத்தில் ஒரு மெட்ராஸ் கால் வெளியே வந்தது. அவர் இறங்கினார். "மீட்டிங்கு இனிமே மாசத்துக்கு ஒண்ணு, அவ்ளோதான்!" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, வந்த வழியே ஏறிக் கிணற்றடிக்கு ஓடினார். முக்தார் அகமது வாழ்க்கையில் முதல்முறையாக, "எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் பின்னாலேயே போனார். கோவிந்தசாமி குழிக்குள் இறங்கவில்லை. விளிம்பில் குந்திக்கொண்டு, கத்துவதற்கு வாகாகக் கழுத்தை நீட்டி வைத்திருந்தார்.

தேவசகாயத்தின் நெஞ்சு லேசாயிற்று. ஓட்டமாக ஓடினால் வண்டிக்கு முன்னால் போய்விடலாம். முதலாளி 'முடிஞ்சுது' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதுதான் பாக்கி.

சாயபு செருப்பை விட்டுவிட்டுக் குழிக்குள் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"ஹா!" என்றார். "இன்னா சுகம்!"

அப்போதுதான் தேவசகாயத்துக்கு உறைத்தது. இந்தக் கிடங்குக்கு முதலாளி ஆவதற்கு வெகுநாள் முன்பு, இன்னொருவருடைய கிடங்கில் மக்பூல் அகமது சுண்ணாம்புக் குழியில் நின்றவர். ஊருக்கே தெரிந்த கதை. அவனுக்கும் தெரியும். இத்தனை வருஷம் அந்தக் கால்களைச் செருப்போடே பார்த்துப் பார்த்து மறந்துபோயிருந்தான். ஒரு தரம் பதப்பட்ட கால் பதப்பட்டதுதான். சித்திரை வெயிலுக்கு அந்த நீர் சாயபுவுக்கு ஏற்காட்டுக் குளிர்ச்சி. அவனுக்கும் அவன் ஆட்களுக்கும் அப்படியே. குழிக்குள் ஒருத்தருக்கும் கால் எரியவில்லை. ஒருத்தருக்கும் அவசரமில்லை, அவனைத் தவிர.

"ஒங்கப்பனும் நானும் இப்டித்தாண்டா நிப்போம்," என்று சாயபு ஆரம்பித்தார். "அவன் பாடுவான். கேட்டுக்கிறியா? கொரலு இருக்கே, கய்தக் கொரலு. அதக் கேட்டுத் தோலுல இருந்து மயிரு தானா கழண்டுக்கும்."

குழியில் நின்றவர்கள் சிரித்தார்கள். தேவசகாயமும் சிரித்துவிட்டான். அப்பன் பாடுவான் என்பது அவனுக்குத் தெரியாது. அப்பன் வீட்டில் பாடியதில்லை, வந்தவுடன் தூங்கிவிடுவான். வேறொரு நாளாக இருந்தால் குழி விளிம்பில் சாய்ந்துகொண்டு இன்னும் கேட்டிருப்பான். கிழவரின் முகத்தில் பல் போன சின்னப் பிள்ளையின் சந்தோஷம் இருந்தது. இந்த முகத்தைப் பார்த்து எப்படி நிறுத்தச் சொல்வது?

ஸ்டேஷன் பக்கமிருந்து ஊதல் கேட்டது. வண்டி வந்துவிட்டது.

"சாப், எம் பொண்ணு கோலாருக்குப் போவுது சாப். நான் போயி நிக்கணும்."

"ஆமாமா, அதே பாட்டுத்தான்," என்றார் சாயபு.

தேவசகாயம் விளிம்பைப் பார்த்தான். கோவிந்தசாமி வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டிருந்தது. அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார்.

ஊதல் இரண்டாம் தரம் கேட்டது. இது கிளம்புகிற ஊதல். இனிமேல் ஸ்டேஷனுக்கு ஓடிப் பயனில்லை.

தேவசகாயம் குழி விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி மேலே ஏறினான். பேச்சு நின்றது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கிணற்றடியில் இஷ்தியாக் அகமது பாதங்களில் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஊதிக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி! இன்னா இது! மீட்டிங்கு இன்னும் முடியலியே?"

"எனக்கு முடிஞ்சிட்ச்சு சாப்."

கிடங்குக்குப் பின்னால், காய்கிற மயிர்க் குவியல்களைத் தாண்டினால் ரயில் பாதையின் முள்வேலி. ஆம்பூரிலிருந்து மேற்கே போகிற வண்டி அந்த வேலியை உரசுகிற மாதிரி போகும். அவன் போய் நிற்கவும் இஞ்சின் முகம் காட்டவும் சரியாக இருந்தது.

முதல் பெட்டி வந்தது. அவன் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தான். ஒரு முகம்கூட இல்லை. தோல்கிடங்கு நாற்றம் தொட்டதும் வண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் துணியைத் தூக்கி மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டிருந்தார்கள். முந்தானை, துண்டு, தலைப்பாகை நுனி, ஒரு குழந்தையின் முகத்தில் தாயின் உள்ளங்கை. கண்கள் மட்டும் வரிசையாகப் போயின. அவனைப் பார்த்தவர்கள் அவன்தான் அந்த நாற்றம் என்பதுபோல் திரும்பிக்கொண்டார்கள். இரண்டாம் பெட்டியும் துணிதான். அடுத்ததும் துணிதான். எந்தத் துணிக்குப் பின்னால் என்று தேடுவது?

கடைசிப் பெட்டிக்கு முந்தின பெட்டியில் ஒரு ஜன்னலில் ஒரு பெண் முகத்தை மூடாமல் இருந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்து, சமையல் வாசனை பிடிக்கிறவள்போல அந்தக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். வெயில் கண்ணில் அடித்தது. அவள் பார்த்தது கிடங்கின் கூரையையா, வேலியையா, அவனையா, தெரியவில்லை. அவன் இரண்டு கையையும் தூக்கினான். மணிக்கட்டு வரை வெள்ளையாக இருந்தன.

வண்டி வளைவில் திரும்பியது. கொட்டகைக்குள், கூட்டத்தின் நடுவே எழுந்து போவது சரியா என்று யாரோ உருதுவில் கேட்பதும், "நீங்க முதல்ல சொல்லுங்க" என்று இன்னொருவர் சொல்வதும் கேட்டது. அவன் கையை இறக்கவில்லை. முழங்கால் வரை சுண்ணாம்பு காய்ந்து, தோலை மெல்ல இறுக்கிக்கொண்டிருந்தது.