நேராக வீடு வருகிறவள்

என் மனைவி எங்கே இருக்கிறாள் என்று காட்டும் வசதியை அவள் போனில் போட்டுவைத்தது நான்தான், அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில். அன்றிலிருந்து வீட்டை விட்டால் அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடம், ஆய்வுக்கூடத்தை விட்டால் வீடு. நடுவில் ஒரு கடை கண்ணி கிடையாது. வேறொருவனாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பான். எனக்கோ தூக்கமே போனது. எந்த மனுஷி இவ்வளவு ஒழுங்காக இருப்பாள்? எதையோ மறைக்கிறாள். இவளை இழந்துவிடுவேனோ என்று பயம், அதுதான் உண்மை.

மறைப்பதற்கு அங்கே ஆளும் இருந்தான். கூட வேலை செய்கிறவன். எந்நேரமும் இளித்துக்கொண்டிருப்பதால் நான் வைத்த பெயர் பல்வரிசை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவன். கூலிங்கிளாஸுக்குப் போடும், ஒரு திசையில் அதிரும் ஒளியைத் தடுக்கிற ஃபிலிமில் தன் சோதனைக்காக இரண்டு பொடித் துண்டு கேட்டிருந்தாள் மனைவி, ஒன்று நெடுக்காக, ஒன்று குறுக்காக. கைப்பழக்கத்தில் இரண்டையும் குறுக்காகவே வெட்டிக் கொடுத்துவிட்டேன். கடையில் எல்லாக் கண்ணாடிக்கும் அப்படித்தான். வேலைக்கு ஆகவில்லை என்று போன் செய்தாள். நானே வந்து சரிசெய்கிறேன் என்று கிளம்பினேன். உளவு பார்க்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா?

"வாங்கண்ணே, டீ வாங்கிட்டு வரேன்" என்று பல்வரிசை வெளியே போனான். அந்த மரியாதையையும் நான் நம்பவில்லை.

இருட்டறைக்குள் ஒரு தகட்டில் முடியளவு இரண்டு கீறல்கள். அவற்றைத் தாண்டி ஒளி ஒவ்வொரு துகளாகப் போய்த் திரையில் புள்ளியாக விழுந்தது. புள்ளிகள் சேரச் சேர வரிவரியாக ஆயின. தனித் துகளுக்குக்கூட இரண்டு வழியும் திறந்திருப்பதால்தான் அந்த வரிகள் என்றாள் மனைவி. கீறலுக்கு ஒன்றாக ஒட்டியிருந்த ஃபிலிமில், ஒன்றை நெடுக்காகத் திருப்பி வைத்தேன். அவ்வளவுதான், வரிகள் போய் வெறும் மங்கல் திட்டு வந்தது.

"நீயும் பாக்கல, நானும் பாக்கல. அப்புறம் ஏன் போச்சு?"

"பாக்கணும்னே இல்லங்க. ஃபிலிம் ரெண்டும் வேற வேற திசைன்னா, எந்த வழியா வந்துச்சுன்னு துகள்மேல அடையாளம் ஒட்டின மாதிரி, அதுவே போதும். அப்புறம் வேற மாதிரிதான் நடந்துக்கும்."

"இதுல ஏதோ தில்லுமுல்லு இருக்கு."

"உங்களுக்கு எதுலதான் இல்ல?" தன் போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இதுல நீங்க பண்ணி வச்சது எனக்கு அன்னைக்கே தெரியும்."

நான் ஃபிலிமைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

"முன்னாடி பழக்கடை, அக்கா வீடுன்னு சுத்திட்டு, உங்ககிட்ட சொல்ல ஏதாவது கதையோட வருவேன். இப்ப நீங்க பாத்துட்டே இருக்கீங்கன்னு நேரா வந்துடறேன். வர்றது நான்தானான்னு எனக்கே தெரியல."

ஃபிலிம்களைக் கழற்றினாள். கொஞ்ச நேரத்தில் வரிகள் திரும்பின. நானும் அவள் கண்முன்னாலேயே அந்த வசதியை அணைத்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் கதவுவரை போனதும் வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னைக்கு எப்ப வருவே? அவனும் கூட வர்றானா?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நேரா வந்துடறேங்க" என்றாள்.