போதும் ஆண்டவரே

ஞாயிறு ஆராதனைக்குப் பத்து நிமிடம் இருந்தபோது ஆலய வாசலில் வெள்ளைச் சீட்டு தீர்ந்துபோயிருந்தது. எங்கள் சபையில் விண்ணப்பத்துக்கு வெள்ளை, ஸ்தோத்திரத்துக்கு மஞ்சள். வெள்ளையைப் போதகர் வீட்டுக்கு எடுத்துப்போய்த் தனியாக ஜெபிப்பார். மஞ்சளைச் சபையில் வாசிப்பார். மஞ்சளில் யாரும் எழுதி வெகுநாளாகிவிட்டதால் இந்த இரண்டாவது விதி எனக்கு மறந்தே போயிருந்தது. ஆண்டவர் நிறம் பார்க்கிறவரா என்ன என்று ஒரு மஞ்சள் சீட்டைக் கிழித்து எழுதினேன்: "அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. போதும் ஆண்டவரே." கீழே 'வாஷிங் மெஷின் மெக்கானிக்' என்று போட்டேன். சபையில் என் பெயரில் மூன்று பேர் இருக்கிறோம். பலன் ஆள் மாறிப் போய்விடக் கூடாது பாருங்கள்.

மாமியார் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. மூட்டு ஆபரேஷன் முடிந்து 'ரெண்டே வாரம்' என்று வந்தார். முதல் வாரமே ஜன்னலோர நாற்காலி கைமாறியது. எனக்குப் புழுங்கினால் அவருக்குக் குளிரும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கடைசியில் என் வேலைப் பெட்டியிலேயே கைவைத்தார். பதினெட்டு வருஷமாக ஒரே டப்பாவில் அள்ளிப் போட்டிருந்த ஸ்குரூக்களை அளவு பார்த்துப் பிரித்து, தன் காலி மாத்திரை டப்பாக்களில் அடைத்து, ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்டியிருந்தார்: குட்டை, நெட்டை, தலை பெருத்தது, எதற்கென்று தெரியவில்லை. அதைப் பார்த்த ஒரு வாடிக்கையாளர், "மெஷினுக்கு மாத்திரை குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இனி ஆண்டவரிடம்தான் பேச வேண்டும் என்று.

ஆராதனை நடுவில் போதகர் சீட்டுப் பெட்டியைத் திறந்து, அதிலிருந்த ஒரே மஞ்சள் சீட்டைச் சந்தோஷமாக உயர்த்திக் காட்டினார். பிறகு நிறுத்தி நிதானமாக வாசித்தார். "போதும்... ஆண்டவரே." நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிய 'போதும்', அவர் வாயில் வயிறு நிறைந்தவன் சொல்கிற 'போதும்' ஆகிவிட்டது. சபை 'ஆமென்' என்றது. அத்தை கைக்குட்டையைத் தேடினார். எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த என் மனைவிக்கு என்னை நன்றாகத் தெரியும். பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவளும் அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"மெக்கானிக் தம்பி, முன்னாடி வந்து ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லுங்க."

உண்மையைச் சொன்னால் அத்தை உடைந்துபோவார். பொய் சொல்லலாம் என்றால் நிற்கிற இடம் அப்படி. மைக்கைப் பிடித்துக்கொண்டு, பொய்யில்லாததாக ஏதாவது ஒன்று அகப்படுமா என்று தேடினேன்.

"அத்தை என் ஸ்குரூவெல்லாம் பிரிச்சு வெச்சாங்க," என்றேன். சபை காத்திருந்தது. "போன புதன்கிழமை ஒரு வீட்ல கைக்குழந்தை துணியெல்லாம் மெஷினுக்குள்ள மாட்டிக்கிச்சு. முன்னாடின்னா ஒரு ஸ்குரூ தேடவே அரை மணி நேரம் ஆகும். 'தலை பெருத்தது'ல கைய விட்டேன், உடனே கிடைச்சிடுச்சு."

அதோடு இறங்கியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "நான் வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் அத்தை சாப்பிட மாட்டாங்க. கேட்டா பசிக்கலைம்பாங்க. நான் வந்து உட்கார்ந்தா உடனே பசிக்கும்."

இதே விஷயத்தை மனைவியிடம் எத்தனையோ முறை புகாராகச் சொல்லியிருக்கிறேன். மைக்கில் சொன்னபோது அது புகாராக வரவில்லை. "தோத்திரம்," என்று சொல்லிவிட்டு இறங்கினேன். வாழ்நாளில் நான் மனதாரச் சொன்ன முதல் தோத்திரம் அதுவாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை யாருக்கோ போன் பேசிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "மாப்பிள்ளை, உங்களுக்குப் பாரமா இருக்கேனோன்னு தினமும் ஜெபம் பண்ணிட்டிருந்தேன். மகன் வீட்டுக்குப் போயிடலாம்னு வர்ற வியாழக்கிழமைக்கு டிக்கெட்டே எடுத்தாச்சு. இப்பதான் கேன்சல் பண்ணச் சொன்னேன்."

வியாழக்கிழமை! நாலே நாள். நான் கேட்பதற்கு முன்பே ஆண்டவர் கொடுத்துவிட்டிருக்கிறார். நான்தான் கைப்பட எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சமையலறையில் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. என்ன ஏதென்று தெரியாமலே அத்தையும் சேர்ந்து சிரித்தார்.

பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து தன் பெட்டியை இழுத்தார். ஆறு மாதமாகத் துணியைத் துவைத்து, மடித்து, மறுபடியும் அந்தப் பெட்டியிலேயே வைத்து வந்திருக்கிறார். அலமாரியில் ஒரு தட்டுகூட அவர் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மேல் தட்டிலிருந்த என் சட்டைகளை அள்ளிக் கட்டிலில் போட்டேன்.

காலிப் பெட்டியைப் பரணில் வைக்க ஸ்டூலில் ஏறினேன். ஆடுகிற ஸ்டூல் அது. அந்த மூட்டோடு அத்தை குனிந்து, அதன் கால்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஓரமாவே வைங்க மாப்பிள்ளை. எடுக்க வசதியா இருக்கும்."

பெட்டியைச் சுவரில் முட்டும்வரை உள்ளே தள்ளினேன். அங்கே கிடந்த பழைய மெஷின் மோட்டார் ஒன்றை, ஒற்றைக் கைக்கு அசையாத கனம், மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்து அதன் முன்னால் நிறுத்தினேன்.