மேல்கம்பி

சிவபாண்டிக்கு அந்தக் கறுப்புப் பையைக் கண்டாலே ஆகாது. விடிகாலையில் பேரையூரில் கிளம்பி எழுமலை, உசிலம்பட்டி வழியாக மதுரை ஆரப்பாளையம் போகிற தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். எழுமலைக்கு வருவதற்குள் வண்டி நிறைந்துவிடும். காய்கறிக் கூடை, பால் கேன், மில்லுக்குப் போகிற பெண்கள் என்று கால் வைக்க இடமிருக்காது. அந்த நெரிசலில்தான் பவதாரிணி ஏறுவாள். தன் இடுப்பளவு உயரமிருக்கும் பையை நேராக நிறுத்தி, சாய்ந்துவிடாமல் இடக்கையால் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"தாயி, அந்த வீணையக் கொஞ்சம் ஓரமா வையி."

"வீணை இல்லண்ணே, வில்லு."

அவள் காலேஜில் இரண்டாம் வருஷம். காலையில் பரவைப் பக்கம் ஒரு மைதானத்தில் வில்வித்தைப் பயிற்சி, பிறகு காலேஜ், சாயங்காலம் அதே பஸ்ஸில் ஊர் திரும்புவாள். பைக்குள் வில் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவளைக் கேலி செய்யாத ஆள் அந்த வண்டியில் கிடையாது. மக்காச்சோளம் போட்டிருந்த மலைச்சாமி மட்டும் நிஜமாகவே கேட்டார்.

"ஆத்தா, பன்னி வந்து காட்டையே உழுதுட்டுப் போகுது. ஒரு நா வந்து நாலு அம்பு விடேன்."

"என் அம்பு காயிதத்தத்தான் குத்தும்யா. பன்னியக் கண்டா நான்தான் மொதல்ல ஓடுவேன்."

வண்டியே சிரித்தது. சிவபாண்டி சிரிக்கவில்லை. அவர் கண் அவளுடைய வலக்கையில் இருந்தது. மேல்கம்பியைப் பிடிக்க அவள் கையை நேராகத் தூக்கவில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, சீட்டின் முதுகுக் குழாயைப் பற்றி, விரல்களைப் படிப்படியாக மேலே ஏற்றி, கடைசியில் ஒரு எக்கு எக்கிக் கம்பியைப் பிடித்தாள். பிடித்ததும் கண்ணை இறுக மூடித் திறந்தாள்.

அது அவருடைய வித்தை. மூன்று வருஷமாக அவருக்கும் தோள் வலியில் வலதுகை காதுக்கு மேலே போகாது. இருபது வருஷம் கம்பியில் தொங்கி டிக்கெட் போட்டதற்குக் கிடைத்த பரிசு. முதலாளிக்குத் தெரிந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார் என்று யாரிடமும் சொல்லாமல், எல்லாவற்றையும் இடக்கையாலேயே சமாளித்துக்கொண்டிருந்தார்.

"தோளா?" என்று கேட்டார்.

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள். நாண் இழுக்கிற கை வலதுகை. கையை மேலே தூக்கும்போதெல்லாம் தோளுக்குள் எலும்புக்கு இடையில் தசைநார் நசுங்குகிறதாம். டாக்டர் வில்லைத் தொடாதே என்றார். மூன்று வாரமாகத் தொடவில்லை. வீட்டுக்குத் தெரியக் கூடாதென்று பையைத் தூக்கிக்கொண்டு போய், மைதானத்தில் மற்றவர்கள் எய்த அம்புகளைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு வருகிறாள். ஆனாலும் வலி குறையவில்லை, கூடியிருக்கிறது. இன்னும் ஐந்து வாரத்தில் மாநில அணிக்குத் தேர்வு. அன்றைக்கு நாண் இழுக்க முடியாவிட்டால் இந்த வருஷம் போச்சு. அடுத்த வருஷம் வீட்டில் விடமாட்டார்கள், மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தாயிற்று.

"ஒரு நாளைக்கு எத்தன அம்பு விடுவ?"

"நல்லா இருந்தப்ப நூத்தம்பது."

"ஒரு அம்புக்கு எம்புட்டு நேரம் இழுத்துப் பிடிப்ப?"

"எட்டு செகண்டு, பத்து செகண்டு."

சிவபாண்டி மனசுக்குள் பெருக்கினார். போனால் இருபத்தைந்து நிமிஷம். எழுமலையிலிருந்து ஆரப்பாளையம் ஒன்றே முக்கால் மணி நேரம், திரும்பி வர அதே அளவு. இடக்கை பையைப் பிடித்திருக்க, இந்தக் குள்ளப் பிள்ளை குதிகாலைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு பிரேக்குக்கும் அந்த ஒரு கையிலேயே தொங்கிக்கொண்டு வருகிறாள்.

"அட பாவி மகளே, வில்லுல இருபத்தஞ்சு நிமிசம், என் வண்டியில மூணரை மணி நேரம்! உன் தோளக் கெடுக்கிறது வில்லு இல்ல தாயி, இந்தக் கம்பி!"

அவள் அண்ணாந்து கம்பியைப் பார்த்தாள். டாக்டர் வில்லைப் பற்றி நூறு கேள்வி கேட்டாராம். எதில் வருகிறாய் என்று கேட்கவில்லையாம்.

மறுநாள் எழுமலையில் அவள் ஏறியதும் பின்வாசல் பக்கத்து ஒற்றை சீட்டைக் காட்டினார். கண்டக்டர் சீட்.

"நீங்க எங்கண்ணே உக்காருவீங்க?"

"நான் என்னைக்கு உக்காந்தேன்?"

"உங்களுக்கும் வலது தோளுதான? டிக்கெட்டு கிழிக்கிறதுல இருந்து எல்லாம் இடதுகை. நானும் பாத்துக்கிட்டுதான் வாரேன்."

மூன்று வருஷம் முதலாளியையே ஏமாற்றியவர் அந்த இடத்தில் பிடிபட்டார். அவள் ஒரு நிபந்தனை போட்டாள். டாக்டர் தனக்குச் சொன்ன பயிற்சியை அவரும் செய்வதாக இருந்தால் உட்காருகிறேன் என்றாள். அன்று சாயங்காலமே ஆரப்பாளையத்தில் வண்டி எடுப்பதற்கு முன் பச்சை நிற ரப்பர் பட்டை ஒன்றைக் கைப்பிடிக் கம்பியில் கட்டி, இழுக்கச் சொன்னாள். முழங்கை விலாவை விட்டு விலகக் கூடாது, தோள் காதுப் பக்கம் ஏறக் கூடாது. பத்து தடவை இழுப்பதற்குள் சிவபாண்டிக்கு வியர்த்துவிட்டது.

டிரைவர் பேயாண்டிக்கு இதைவிடப் பொழுதுபோக்கு வேண்டுமா? "மாப்ள, நீயும் செலக்சனுக்குப் போறியா? சொல்லு, வண்டியில பேனர் கட்டிருவோம்!"

பத்து நாளில் அவளுக்கு வலி இறங்கியது. டாக்டர் லேசான வில்லுக்கு அனுமதி கொடுத்தார். நூற்றைம்பது அம்பு விட்டவள், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு நின்று பத்து மீட்டரில் இருபது அம்பு விட்டாள். அதற்கு மேல் ஒன்றுகூட விடவில்லை. ஆசை வராதா என்று சிவபாண்டி கேட்டார். "அழுகையே வருதுண்ணே. இருபதோட வச்சிருவேன்," என்றாள். ஒரு நாளைக்கு நாலு பீடி போதும் என்று யார் சொன்னாலும் கேட்காத சிவபாண்டிக்கு அந்தப் பதில் பெரிய விஷயமாகப் பட்டது. இந்த வயசில் இப்படி ஒரு அடக்கத்தை அவர் யாரிடமும் பார்த்ததில்லை. வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஐந்தாவது வாரம் அவள் போட்டித் தூரமான எழுபது மீட்டருக்கு வந்துவிட்டாள்.

தேர்வு நாள் ஞாயிற்றுக்கிழமை. முகூர்த்த நாளும் அதுவாகவே இருந்தது. வண்டி பிதுங்கியது. பவதாரிணி கண்டக்டர் சீட்டில், பையை முழங்கால்களுக்கு இடையில் வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். உசிலம்பட்டி தாண்டி, செல்லம்பட்டியில் நிறைமாத கர்ப்பிணி ஒருத்தி மூச்சிரைக்க ஏறினாள். உட்கார்ந்திருந்த ஆண்கள் அத்தனை பேருக்கும் அந்த நிமிஷமே தூக்கம் வந்துவிட்டது. சிவபாண்டி வாயைத் திறப்பதற்குள் பவதாரிணி எழுந்துவிட்டாள்.

"நீ உக்காரு தாயி, நான் வேற சீட்டு..." என்று பதறி, பக்கத்து சீட்டுக்காரரின் தோளைத் தட்டினார். "அண்ணே, எந்திரிங்க. இந்தப் பிள்ளைக்குத் தோள் சரியில்ல, இன்னைக்குப் போட்டி."

அந்த ஆள் ஒரு கண்ணைத் திறந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா திடமாத்தான நிக்குது?" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

"விடுங்கண்ணே," என்றாள் அவள். அவளுடைய வலக்கை சீட்டுக் குழாயில் ஏறத் தொடங்கியது. இன்னும் ஒரு மணி நேர ஓட்டம் பாக்கி.

"அதத் தொடாத!" சிவபாண்டி போட்ட சத்தத்தில் பேயாண்டியே கண்ணாடியில் பார்த்தார். "என் பை வாரப் பிடிச்சுக்க. இடுப்புகிட்ட பிடி. கை மேல போகக் கூடாது."

அவருடைய டிக்கெட் பையின் தோல் வார் இடது தோளிலிருந்து குறுக்கே இறங்கியிருந்தது. அவள் அதன் அடியைப் பிடித்தாள். அவர் இரண்டு காலையும் அகட்டி நின்றார். டிக்கெட்டும் காசும் ஆள் மாற்றி ஆள் கையில் போய் வந்தன, அவர் இடக்கையால் கொடுத்து இடக்கையால் வாங்கினார். விழாமல் நிற்க மேல்கம்பிக்கு மிச்சமிருந்தது வலக்கை ஒன்றுதான்.

தூக்கினார். ஐந்து வாரத்துக்கு முன்பு காதோடு நின்றுவிட்ட கை, எரிந்துகொண்டே மேலே போய்க் கம்பியைப் பிடித்தது. அவருக்கே நம்ப முடியவில்லை. ஆனால் தாங்குவது வேறு. ஒவ்வொரு பிரேக்குக்கும் அவளும் பையும் அவரை ஒரு பக்கம் இழுக்க, அவர் தோள் மறுபக்கம் இழுத்துப் பிடித்தது. செக்கானூரணிக்கு முன்பே கண்ணில் நீர் கட்டிவிட்டது. கம்பியை அவர் விடவில்லை. ஆரப்பாளையத்தில் இறங்கும்போது அவள் தன் வலக்கையை மெதுவாக மேலே தூக்கிப் பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை.

"போயிட்டு வாரேண்ணே."

"போ தாயி. நின்னு விடு," என்றார்.

சாயங்காலம் வண்டி எடுக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். தூரத்திலிருந்தே வலக்கையை முழுசாகத் தலைக்கு மேலே தூக்கி நாலு விரலைக் காட்டினாள். அணிக்கு நாலு பேர்தான். இவள் நாலாவது.

சிவபாண்டி பதிலுக்குக் கையைத் தூக்கப் பார்த்தார். வலதுகை இடுப்பை விட்டே அசையவில்லை. அவள் அதைப் பார்த்துவிட்டாள். சிரித்த முகம் மாறிவிட்டது.

"காலைல கம்பியப் பிடிச்சது வலக்கையா?"

"வேற கை ஏது?"

"ஏண்ணே இப்படிப் பண்ணுனீங்க? அஞ்சு வாரம் பண்ணுனதெல்லாம் வீணாப் போச்சே!" திட்டத் தொடங்கியவள் பாதியில் தேம்பினாள். "போட்டியில எழுபத்திரண்டு அம்பும் வலிக்காம விட்டேண்ணே. ஒண்ணு கூட வலிக்கல."

"அப்ப வீணாப் போகல," என்றார் சிவபாண்டி.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைத் தள்ளிக்கொண்டு போய்க் கண்டக்டர் சீட்டில் உட்கார வைத்தாள். பையை அவர் மடியில் சாய்த்தாள். டிக்கெட் பையைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். மறுக்கப் போனவரை ஒரு முறை முறைத்தாள். பிறகு வாசல் பக்கம் போய், வண்டியின் தகரத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"பேயாண்டிண்ணே, ரைட்!"

பேயாண்டி கண்ணாடியில் பார்த்தார். சீட்டில் கண்டக்டர், மடியில் வில். ஒரு கேலியும் செய்யாமல் வண்டியை எடுத்தார்.