ஆவணி நாலு, புதன்கிழமை

ஆவணி நாலாம் தேதி காலை ஒன்பதரை மணிக்குக் கூரியர்காரர் வாசலில் வந்து நின்று, ரகுநாத் சார் வீடு இதுதானா என்று கேட்டார். அன்றைக்கு நல்ல நேரம் ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரை. எனக்கு அது மனப்பாடம். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் என் வீட்டுக்காரர் வேலையை நான் தொலைத்தேன்.

பெட்டி பெரிது. நாலு பக்கமும் பெங்களூர்க் கம்பெனியின் பெயர். ஒன்பது நாளைக்கு முன்னால், உங்களுக்கு வேலை இல்லை என்று மெயில் அனுப்பிய அதே கம்பெனிதான். அங்கே ஒருத்தர் விரட்டியது இன்னொருத்தருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது, வரவேற்புப் பெட்டியை அனுப்பிவிட்டார்கள். கூரியர்காரர் ஓடிபி கேட்டார். இவர் உள்ளேயிருந்து எழுந்து வந்து, ஃபோனைப் பார்த்து நாலு எண்ணையும் சொல்லிவிட்டு, மறுபடி போய் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துகொண்டார். பெட்டியைத் தொடக்கூட இல்லை.

நான் இலுப்பூரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சர், அன்றைக்கு லீவு போட்டிருந்தேன். பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்துகிறவள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், படிக்காத பொம்பளை, ஏதோ தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எல்லாம் தெரிந்துதான் செய்தேன்.

இவருக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஊருக்கு வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். வருடத்துக்குப் பன்னிரண்டு லட்சம். பங்குனியில், எல்லாரும் ஆபீசுக்கு வந்தாக வேண்டும் என்று கம்பெனியில் சொன்னார்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் கூடுதல் சம்பளத்துக்கே போவோமே என்று இவர் ராஜினாமா எழுதிக் கொடுத்தார். தொண்ணூறு நாள் நோட்டீஸ். அந்தத் தொண்ணூறு நாளும் சந்தைதான். ஒரு கம்பெனியின் ஆஃபர் லெட்டரைக் காட்டி இன்னொரு கம்பெனியில் விலையை ஏற்றுவார்கள். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசுகிறதை இவர்கள் மெயிலில் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

முதலில் சென்னையில் கிடைத்தது. பதினைந்து லட்சம், ஜூலை ஏழாம் தேதி சேர வேண்டும். அதைக் காட்டிப் பெங்களூரில் இருபத்தொரு லட்சம் வாங்கினார். அங்கே சேர வேண்டிய நாள் ஜூலை இருபத்தொன்று. இரண்டையும் எக்செல்லில் பக்கத்துப் பக்கத்தில் போட்டு வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். இவருக்குச் சென்னை மேல் ஒரு சாய்வு இருந்தது. சின்னக் கம்பெனிதான், ஆனால் ஆளை எடுத்தால் வைத்துக்கொள்வான் என்றார். நான் விடவில்லை. வருடக் கடைசியில் தருவார்களோ மாட்டார்களோ என்கிற தொகையைக் கழித்தேன், வரியைக் கழித்தேன், பெங்களூர் வாடகையைக் கழித்தேன், வாரா வாரம் திருச்சிக்குப் பஸ் டிக்கெட்டையும் கழித்தேன். எல்லாம் போக மாதம் பத்தொன்பதாயிரம் பெங்களூரில் கூட வந்தது. மகள் ஹரிணியை அடுத்த வருடம் நல்ல பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்று சொன்னேன். மறுநாளே அவர் சென்னைக்கு ஃபோன் செய்து, மன்னிக்கணும் என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம்தான் காலண்டரைத் தூக்கிப் பார்த்தேன். ஜூலை இருபத்தொன்று, ஆடி ஐந்து.

என் அப்பா இலுப்பூரில் ஒரு ஹார்டுவேர் கடையை ஆடி மாதத்தில் திறந்தார். தை பிறக்கும்போது ஷட்டரை இறக்கிவிட்டார். சாகும்வரைக்கும் அம்மா, ‘ஆடியில தொறந்த கடை’ என்றே அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கடை ஏன் மூழ்கியது என்று எனக்குத் தெரியும். அப்பா கடன் சொன்னவனுக்கெல்லாம் கொடுத்தார், கேட்டு வாங்கத் தெரியாது. தெரிந்தும் பயம் போகவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

ஆவணியில் சேருங்கள் என்றேன். என் மாமனார் ஆத்மநாதன் வல்லத்திராக்கோட்டையில் நாலு ஏக்கர் வைத்து வெள்ளாமை பார்க்கிறவர். அன்றைக்கு வந்திருந்தவர் சிரித்தார்.

"ஆடியிலதானே ஆத்தா நாம கடலை போடுறோம். மண்ணுக்கு ஆகுறது மனுசனுக்கு ஆகாதா?"

விதைக்கிறது வேறு, வேலையில் சேர்கிறது வேறு என்று அவர் வாயை அடைத்தேன். இவர்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எச்ஆர்கிட்ட என்னன்னு சொல்றது சுகுணா? ஆடி மாசம்னா சொல்ல முடியும்?"

"பழைய கம்பெனியில ரிலீவ் பண்ண லேட்டாகுதுன்னு சொல்லுங்க. யாரு போயி கேக்கப் போறா?"

அப்படியே சொன்னார். அந்த எச்ஆர் பெண் தேனாகப் பேசி, ஒரு பிரச்சினையும் இல்லை, ஆகஸ்ட் இருபதாம் தேதி வாருங்கள் என்றாள். ஆவணி நாலு, புதன்கிழமை, முகூர்த்த நாள். நான் ஐயனார் கோயிலுக்குப் போய்ச் சூடம் ஏற்றிவிட்டு வந்தேன். அந்த ஒரு மாதம் வீடு நன்றாகத்தான் இருந்தது. மாடியில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயை மாற்றினார். ஹரிணியைக் கொடும்பாளூருக்குக் கூட்டிப்போய் மூவர் கோயிலைக் காட்டிவிட்டு வந்தார். புதுச் சட்டை மூன்று எடுத்தோம்.

ஆடி இருபத்தாறில் மெயில் வந்தது. வியாபாரச் சூழ்நிலை காரணமாக, இன்னும் சேராதவர்களின் ஆஃபர்கள் எல்லாம் ரத்து.

இன்னும் சேராதவர்கள். அந்த இரண்டு வார்த்தையை நான் எத்தனை தடவை படித்தேனோ. இவரோடு காலேஜில் படித்த அரவிந்த்குமாருக்கும் அதே கம்பெனியில்தான் கிடைத்திருந்தது. அவர் ஆடி ஐந்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். புராஜெக்டும் கொடுத்துவிட்டார்கள், இருக்கிறார். மெயில் வந்த அன்றே ஃபோன் செய்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஸ்பீக்கரில், "ஏன்டா அன்னிக்கே வராமப் போன?" என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது.

"பழைய கம்பெனியில ரிலீவ் பண்ண லேட்டாயிருச்சுடா" என்றார் இவர்.

நான் சொல்லிக்கொடுத்த பொய். சிநேகிதனிடமும் அதையே சொல்லி என்னைக் காப்பாற்றினார். செத்துப் போகலாம் போலிருந்தது எனக்கு.

ஆவணி நாலாம் தேதி, பள்ளிக்கூடம் விட்டு வந்து ஹரிணிதான் அந்தப் பெட்டியைப் பிரித்தாள். ஒரு முதுகுப்பை, தண்ணீர் பாட்டில், டீ ஷர்ட், கழுத்தில் மாட்டுகிற அடையாள அட்டை. அட்டையில் இவர் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, சேர்ந்த தேதி ஜூலை இருபத்தொன்று என்று அச்சடித்திருந்தது. மாற்ற மறந்துவிட்டார்கள். அட்டையைப் பிடுங்கி பீரோவில் சேலைக்கு அடியில் வைத்தேன். பாட்டிலை ஹரிணி எடுத்துக்கொண்டாள்.

பிறகு புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. சென்னைக் கம்பெனியில் அந்த இடத்துக்கு ஆள் வந்துவிட்டது. பழைய கம்பெனி பதிலே போடவில்லை. உடனே சேரலாம் என்று இவர் வேலை தேடும் தளத்தில் போட்டதும் முதலில் நிறையப் பேர் கூப்பிட்டார்கள். மூன்று மாதம் போனதும் அதே வார்த்தை இவருக்கு எதிராகத் திரும்பிவிட்டது. இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று இன்டர்வியூவில், ஸ்கிரீனில் சின்னப் பையன்கள் கேட்டார்கள். இவர் பதினைந்து லட்சம் கேட்டார், பிறகு பன்னிரண்டு, பிறகு எட்டு. நாங்கள் போட்ட எக்செல்லை ஒருநாள் திறந்து பார்த்தேன். என் பத்தொன்பதாயிரம் பச்சை நிறத்தில் அப்படியே இருந்தது.

ஆடி என்ற சொல்லை இவர் ஒருநாள்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி, அழுது தீர்த்திருப்பேன். போட்டதைச் சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார். நல்ல மனுஷனோடு சண்டைகூடப் போட முடியாது.

மார்கழி எட்டாம் தேதி மத்தியானம் சென்னையிலிருந்து ஒரு ஏஜென்சி கூப்பிட்டது. மூன்று மாத ஒப்பந்தம், மாதம் இருபத்தெட்டாயிரம், அதற்குப் பிறகு எதுவும் சொல்ல முடியாது. நாளைக்கே வர வேண்டும், சாயங்காலத்துக்குள் மெயில் அனுப்புகிறோம் என்றார்களாம். அரையாண்டுப் பரீட்சை என்பதால் நான் மத்தியானமே வந்து அடுப்படியில் இருந்தேன். இவர் கதவருகே வந்து நின்றார்.

"நாளைக்கே வரச் சொல்றாங்க. மார்கழியா இருக்கே சுகுணா... நாள் பாத்துச் சொல்றியா?"

குத்திக் காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே கேட்டார். வேலையில் சேர எங்கிட்டாவது நாள் பார்ப்பார்களா என்று அன்றைக்கே என்னைக் கேட்டிருக்க வேண்டிய மனுஷன், இப்போது இருபத்தெட்டாயிரம் ரூபாய்க்கு நாள் கேட்டுக்கொண்டு நிற்கிறார். என் பயம் அவருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

கையைத் துடைத்துக்கொண்டு காலண்டரிடம் போனேன். இன்றைய தாளைத் தூக்கவில்லை. அதையும் நாளைய தாளையும் சேர்த்துப் பிடித்து, பார்க்காமலே கிழித்தேன்.

"நல்ல நாளுதாங்க" என்றேன். "கெளம்புங்க."

அந்தப் பெங்களூர்ப் பையிலேயே புதுச் சட்டை மூன்றையும் மடித்து வைத்தேன். லேபிள்கூடக் கிழிக்கவில்லை. ஐந்தரைக்குத் திருச்சி பஸ் போகிற சத்தம் கேட்டது, பிறகு ஆறேகால் பஸ்ஸும் போனது. இவர் செருப்பை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, கட்டைவிரலால் ஃபோன் திரையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டே இருந்தார். மெயில் இன்னும் வரவில்லை. சுவரில் காலண்டர் நாளை மறுநாளைக் காட்டிக்கொண்டிருந்தது.