வானத்தில் ஒட்டிய பொட்டு

ஒருமுறை வானத்திலிருந்து திருவாதிரை நட்சத்திரம் காணாமல் போய்விட்டது. வேறு ஆள் கிடைக்காததால், புதிதாக ஒன்றை நான்தான் ஒட்டி வைத்தேன்.

இதைச் சொல்லும்போதெல்லாம் என் மனைவி ஆனந்தவள்ளியின் பதில் ஒன்றுதான். "சரி சரி, சாப்பிட வாங்க."

வானம் என்று நான் சொல்வது, திருச்சியில் நான் இயற்பியல் நடத்திய கல்லூரியில் இருந்த வானக் கோளத்தை. நட்சத்திரங்களும், அவற்றைச் சேர்த்து வரைந்த வேடனும் தேளும் நண்டும் சுற்றிலும் நிற்கிற, வெள்ளைக்காரன் காலத்து உருண்டை. யானைக்குட்டி அளவு இருக்கும். அதில் வேடனின் தோளிலிருந்த திருவாதிரை மட்டும் தேய்ந்து மறைந்துவிட்டது. திருவாதிரை ஆனந்தவள்ளியின் நட்சத்திரம். புதிதாகக் கல்யாணமானவன் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா? புத்தூர் வாடகை வீட்டில் எங்கள் கண்ணாடி முழுக்க அவளுடைய ஸ்டிக்கர் பொட்டுகள். ஷேவிங் செய்ய எனக்கு ஒரு கன்னத்துக்குத்தான் இடம் இருக்கும். அதிலிருந்து சிவப்பாக ஒன்றை உரித்துக் கைக்கடிகாரத்தில் ஒட்டிக்கொண்டு போனேன்.

போன வாரம் ஒரு சேதி வந்தது. கோளத்தைச் சுத்தம் செய்யச் சென்னைக்கு அனுப்புகிறார்களாம். மேலே இருக்கிற கறையெல்லாம் போய்விடுமாம். போச்சு, நான் விட்ட கதைகளில் நிஜமான ஒரே கதையும் போச்சு! இப்போது நாங்கள் இருக்கும் ஸ்ரீரங்கத்தில் ஆனந்தவள்ளியைப் பஸ் ஏற்றிக் கல்லூரிக்குக் கூட்டிப்போனேன்.

"இதுவா யானைக்குட்டி? பூசணிக்கா அளவுகூட இல்லையே!"

"வயசானா சுருங்கும்மா."

கோளத்தைப் பெட்டியில் வைக்கக் காத்திருந்த யாழினி, என் பழைய மாணவி, வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆனந்தவள்ளிக்கு இடம் தெரியும். தை மாதத்தில் சாப்பாடு முடிந்ததும் மொட்டை மாடியில் எத்தனை தடவை காட்டியிருப்பேன்! ராஜகோபுரத்துக்கு மேலே வரிசையாக மூன்று நட்சத்திரம். அதற்கு இடப்பக்கம், மேலே, சிவப்பாகத் திருவாதிரை. கோளத்திலும் அந்த மூன்றைக் கண்டுபிடித்து, இடப்பக்கம் மேலே விரலைக் கொண்டுபோனாள். அச்சடித்த கறுப்புப் புள்ளிதான் இருந்தது.

"எனக்குத் தெரியுங்க, இதுவும் கதைதான்னு," என்றாள். கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

காலமெல்லாம் பாடம் நடத்திய என் மண்டைக்கு ஒன்றும் எட்டவில்லை. அவள் புறப்பட்டாள். வழியிலிருந்த கண்ணாடி பீரோவில் வழக்கம்போல் நெற்றிப் பொட்டைச் சரிசெய்தவள், அப்படியே நின்றாள்.

"ஏங்க, நாம வானத்தை உள்ளேருந்துதானே பாக்கிறோம்? இந்த உருண்டையை வெளியேருந்துல்ல பாக்கிறோம்? அப்ப கண்ணாடி மாதிரி எல்லாம் இடம் வலம் மாறித்தானே இருக்கும்?"

திரும்பி வந்து விரலை வலப்பக்கம் நகர்த்தினாள். வேடனின் தோளில், ஓரம் லேசாகக் கிளம்பி, வெளுத்துப்போய் ஒரு பொட்டு.

"ஐயோ சார், இதை அரக்குக் கறைன்னு நெனச்சோம்!" என்றாள் யாழினி.

"கறை இல்லம்மா. அதை எடுக்க வேணாம்னு சொல்லிவிடு," என்றாள் ஆனந்தவள்ளி. பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"ஜரிகை ஓரம் வச்சது. தலைதீபாவளிக்கு எங்கம்மா வாங்கிக் குடுத்தது. ஒண்ணு காணுமேன்னு கண்ணாடி பூரா தேடினேன்... நெசமாத்தான் ஒட்டியிருக்கீங்க."