மாடத்தில் எழுந்து நின்றவள்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலைக் கூட்டம் தொடங்கியதும், மேல்மாடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளை அவர்கள் பகுதி உறுப்பினர் எழுந்து அறிமுகப்படுத்துவார். பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். கீழே எல்லோரும் கை தட்டுவார்கள். மாநில வரலாறு நாலாம் வகுப்புப் பாடம் என்பதால் வருகிறவர்களும் பெரும்பாலும் நாலாம் வகுப்புதான். அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்துக்காக உறுப்பினர் ட்வைலா ஆஸ்ட்ரெம், கூட்டத்தொடர் தொடங்கிய ஜனவரியிலிருந்தே காத்திருந்தாள்.

அவள் தொகுதி மாநிலத்தின் கிழக்குக் கோடி. அங்கிருந்து தலைநகர் ஹெலனாவுக்குப் பனிக்காலத்தில் யார் பிள்ளைகளை அழைத்து வருவார்கள்? மற்ற உறுப்பினர்கள் தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காக எழும்போதெல்லாம் அவளும் கை தட்டினாள். கொஞ்சம் பொறாமையும் இருந்தது. இன்று காலை மேசைமேல் ஒரு சீட்டு கிடந்தது: கர்லூ கிரீக் பள்ளி, நாலாம் வகுப்பு. அவள் படித்த பள்ளி!

"என்ன, கல்யாணப் பொண்ணு மாதிரி சிரிக்கிற?" என்றார் நடைவழிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஓரின் பெல்கி. எதிர்க்கட்சிக்காரர், சுரங்க ஊரான பியூட்டைச் சேர்ந்தவர். காகிதத்தில் சுற்றிய கறிப் பணியாரம் எப்போதும் அவர் இழுப்பறையில் இருக்கும்.

"எங்க ஸ்கூல் வந்திருக்கு, ஓரின்."

"நேரம் பார்த்து வந்திருக்காங்க. மத்தியானம் உன் பேச்சுக்குப் பக்கவாத்தியம் வேணும்ல?"

மத்தியானம் வாக்கெடுப்பு. ஒரே ஒரு பிள்ளை மிஞ்சிய பள்ளிகளை மூடிவிட்டு, அந்தப் பிள்ளையைப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், போய்வரும் செலவு மாநிலத்தினுடையது என்றது மசோதா. ட்வைலா தேர்தலில் ஜெயித்ததே இதற்கு எதிராகப் பேசித்தான். "நான் இருக்கிற வரைக்கும் நம்ம பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் பூட்டு விழாது" என்று சர்ச் விருந்துகளிலும் மாட்டுச் சந்தையிலும் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கர்லூ கிரீக்கிலும் இப்போது ஒரே பிள்ளைதான் என்பது அவளுக்குத் தெரியும். அவளுடைய பேச்சிலேயே அந்த வரி இருந்தது. ஆனாலும் எழுந்து நின்று ஒலிவாங்கியைப் பிடித்ததும் வாய் மற்றவர்களிடம் கேட்டுப் பழகிய வழியிலேயே போயிற்று.

"அவைத்தலைவரே, நான் படித்த பள்ளியின் நாலாம் வகுப்பு மாணவ மாணவியர் மாடத்தில் இருக்கிறார்கள். பிள்ளைகளே, எல்லோரும் எழுந்து நில்லுங்கள்!"

சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு சிறுமி எழுந்து நின்றாள்.

அவ்வளவுதான். அவையில் சிரிப்பு ஓடியது. பிறகு கைத்தட்டல், வழக்கத்தைவிடப் பலமாக. சிறுமி சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாருக்கோ தட்டுகிறார்கள் என்று நினைத்தவள் போல. அந்தத் திரும்பல் ட்வைலாவுக்குள் எங்கோ போய் இடித்தது. கை தட்டிக்கொண்டே உட்கார்ந்தாள்.

இடைவேளையில் படிக்கட்டருகே அவர்களைச் சந்தித்தாள். ஆசிரியை ஜோலீன் மாட்ஃபெல்ட் பள்ளியை ஒட்டிய சின்ன வீட்டிலேயே குடியிருப்பவள். வேலையோடு வரும் வீடு அது. காட்டுச் செர்ரி ஜாம் ஒரு பாட்டில் கொண்டு வந்திருந்தாள். சிறுமியின் பெயர் பிரின்.

"நீங்க பெகி!" என்றாள் பிரின், ட்வைலாவைப் பார்த்த கணமே.

"நான் ட்வைலா, கண்ணு."

"இல்ல, ஸ்கூல் சுவத்துல ஒரு போட்டோ இருக்கே, படியில எல்லாரும் உட்கார்ந்திருப்பாங்களே. அதுல முன்பல்லு ரெண்டும் இல்லாம ஒரு பொண்ணு. அது நீங்கதான்னு மிஸ் சொன்னாங்க. ஆனா நான் அதுக்கு முன்னாடியே உங்களுக்குப் பெகின்னு பேரு வச்சுட்டேன். எல்லாருக்கும் பேரு வச்சிருக்கேன். இன்டர்வெல்ல அவங்க கூடத்தான் விளையாடுவேன். நீங்க கொஞ்சம் அழுகுணி."

ட்வைலா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"வகுப்புத் தலைவர் யாரு?" என்று பேச்சை மாற்றினாள்.

"நான்தான். தேர்தல் நடத்தினோம். எங்க நாய் எதிர்த்து நின்னுச்சு."

"நல்ல போட்டியா?"

"ஓட்டு ஒண்ணுதானே, நானே எனக்குப் போட்டுக்கிட்டேன். நாய் கோவிச்சுக்கல." பிரின் குரலைத் தாழ்த்தினாள். "மிசஸ் ஆஸ்ட்ரெம், காலைல ரெண்டு பேரு தண்ணி விஷயத்துக்கு அப்படிச் சண்டை போட்டாங்களே, இப்ப அங்க சேர்ந்து காபி குடிக்கிறாங்க. நிஜமாவே அப்படிச் செய்யலாமா? சண்டை போட்டுட்டு அப்புறம் பேசலாமா?"

"தாராளமா."

"என்கூட யாரும் சண்டையே போடறதில்ல," என்றாள் பிரின். குறையாகக்கூடச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் மழை குறைவு என்பது போலச் சொன்னாள். பிறகு கூரையின் வண்ணக் கண்ணாடியைப் பார்க்க ஓடிவிட்டாள்.

ஜோலீன் ஜாம் பாட்டிலை நீட்டினாள். "ட்வைலா, மசோதாவுக்கு ஆமான்னு ஓட்டுப் போடுங்க."

"என்ன சொல்ற ஜோலீன்? உன் வேலை போகும். வீடும் போகும்."

"தெரியும். வழியெல்லாம் அதைத்தான் யோசிச்சுக்கிட்டு வந்தேன். பாடம் நான் நல்லாத்தான் சொல்லித் தர்றேன். ஆனா என்னால இன்னொரு பத்து வயசுப் பிள்ளையா ஆக முடியாது. அவ அப்பா அம்மா ஊர்க்காரங்களுக்குப் பயந்து வாயைத் திறக்க மாட்டாங்க. அதான் நான் வந்தேன்."

"அந்த ஸ்கூல் இல்லைன்னா இன்னிக்கு நான் இல்ல. அந்த நன்றிக்காகத்தான் தேர்தல்லயே நின்னேன்."

"உங்க நன்றி பெரிசுதான். ஆனா அதுக்கு அவ தனியா உட்கார்ந்திருக்கா."

ட்வைலாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விடுவிடுவென்று அவைக்குள் திரும்பினாள். கையில் ஜாம் பாட்டில்.

விவாதம் தொடங்கியது. அவள் பேச்சு மேசைமேல் தயாராக இருந்தது: அடுப்புச் சூடு, கொடிக்கம்பம், பனியில் குதிரையேறி வந்த பிள்ளைகள். எழுத வேண்டிய ஒன்றை எழுதவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. அந்த அடுப்பைச் சுற்றி என்ன நடந்தது? சண்டை. ஷ்மிட் வீட்டு ருடி, ரயில்பாதைதான் இந்த மாநிலத்தை உண்டாக்கியது என்பான். இல்லை, செம்புச் சுரங்கம்தான் என்பாள் இவள். செயென் பழங்குடியைச் சேர்ந்த டெல்லா, நீங்கள் யாரும் வருவதற்கு முன்பே இங்கே மாநிலம் இருந்தது, பெயர்தான் வேறு என்று இருவர் வாயையும் அடைப்பாள். அழுதுகொண்டு வீட்டுக்குப் போவாள் ட்வைலா. மறுநாள் புதுப் பதிலோடு வருவாள். இந்த அவையில் எழுந்து நிற்கும் துணிச்சல் அந்த அழுகையிலிருந்து வந்ததுதான். சுவர்களிடமா இவ்வளவு நாளும் நன்றியோடு இருந்தேன்? ருடி இல்லாத, டெல்லா இல்லாத அந்த அறையில் ஒரு குழந்தையைக் காவல் வைக்கப் பார்த்தேனா?

அவள் முறை வந்தபோது எழவில்லை. ஓரின் புருவத்தை உயர்த்தினார்.

வாக்கெடுப்பு மணி அடித்தது. விரல், யோசனையைக் கேட்காமல், எதிர்ப்புக்கான சிவப்புப் பொத்தானை அழுத்தியது. பலகையில் அவள் பெயருக்கு எதிரே சிவப்பு விளக்கு. வாக்குறுதி காப்பாற்றப்பட்டுவிட்டது. ஆனால் அவள் கண் மாடத்துச் சிவப்பு ஸ்வெட்டரைத் தேடியது.

அவைத்தலைவர் ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் கேட்கும் கேள்வியை அதே சலித்த குரலில் கேட்டார். "எல்லா உறுப்பினர்களும் வாக்களித்தாயிற்றா? யாராவது வாக்கை மாற்ற விரும்புகிறீர்களா?"

இத்தனை நாளும் அது அவள் காதில் வெறும் இரைச்சலாகத்தான் விழுந்திருந்தது. இன்று யாரோ தன்னிடம் மட்டும், பொறுமையாக, மரியாதையாகக் கேட்டது போலிருந்தது. மனிதர்கள் அவசரப்படுவார்கள், அவர்களுக்கு இன்னொரு மூச்சு நேரம் கொடுக்க வேண்டும் என்று எப்போதோ யாரோ நினைத்திருக்கிறார்கள். பெயர் தெரியாத அந்த மனிதரை அவள் மனத்துக்குள் கும்பிட்டாள். பச்சையை அழுத்தினாள்.

சிவப்பு அணைந்து பச்சை எரிந்தது. மசோதா நிறைவேறியது. அவள் வாக்கு இல்லாமலும் நிறைவேறியிருக்கும்.

"அடுத்த தேர்தல்ல உன்னைத் தோலை உரிச்சுத் தொங்கவிடுவாங்க, அம்மணி," என்றார் ஓரின் மெதுவாக. பணியாரத்தைப் பாதியாகப் பிட்டு நீட்டினார். "இந்தா, தெம்பா இரு."

"உரிக்கட்டும். நேர்ல போய் நின்னு சொல்றேன். அழுதாலும் மறுநாள் பதிலோட போவேன்."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடு."

அவள் மேல்மாடத்தை நிமிர்ந்து பார்த்தாள். மிசூலா ஊரிலிருந்து பெரிய வகுப்பு ஒன்று வந்து இறங்கியிருந்தது. அவர்களில் ஜடை போட்ட ஒருத்தியும் பிரினும், கீழே இருந்த விளக்குப் பலகையைக் காட்டிக் காட்டி ஏதோ தகராறு செய்துகொண்டிருந்தார்கள். பிரின் இடுப்பில் கை வைத்திருந்தாள். முகம் ஸ்வெட்டர் நிறத்துக்குச் சிவந்திருந்தது. ஜோலீன் பக்கத்திலேயே நின்றாள். தடுக்கவில்லை. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கீழே ட்வைலாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

ட்வைலா ஜாம் பாட்டிலைத் திறந்து, கறிப் பணியாரத்தின்மேல் தடவினாள்.

"அடிப்பாவி, அதுல யாராவது ஜாம் தடவுவாங்களா?" என்று அலறினார் ஓரின்.

"ஏன், தடவினா என்ன?" என்றாள் அவள். சண்டை நன்றாகவே தொடங்கியது.