கல்யாணத்துக்கு வந்த கரண்ட்

கடலூரில் புதிதாக மின்சாரக் கார் வாங்கிய செம்பியன், அதை முதலில் காட்ட நினைத்தது சிதம்பரத்திலிருக்கும் மச்சான் அருள்முருகனிடம்தான். மனைவி எழிலரசியின் தம்பியான அவன் டீசல் வண்டிக்காரன். "பேட்டரி காரா மாமா? பாதி வழியில நின்னா சொல்லுங்க, வந்து இழுத்துட்டுப் போறேன்" என்று போனில் சிரித்திருந்தான்.

சனிக்கிழமை மாலை பட்டுப்புடவையும் மடிப்புக் கலையாத சட்டையுமாக இருவரும் கிளம்பினார்கள். ஆலப்பாக்கம் தாண்டிய பிறகுதான் செம்பியன் திரையைக் கவனித்தார். சார்ஜ் பதினொரு சதவீதம்.

"ராத்திரி பூரா சார்ஜ் போட்டு வச்சேனே!"

எழிலரசி கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இடி இடிச்சுதுங்க. டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாத்தையும் அணைச்சேன். அதையும் அணைச்சேன்."

"காலையில திருப்பிப் போடக் கூடாதா?"

"ஃப்ரிட்ஜப் போட்டேன்."

செம்பியன் ஏசியை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினால் காற்று வண்டியைப் பிடித்து இழுக்கும் என்று அதையும் ஏற்றியே வைத்தார். எழிலரசியின் பவுடர் கழுத்துவரை வழிந்தது.

"அருளுக்கு போன் பண்ணட்டுமா?"

"பண்ணினா நான் எறங்கி நடந்தே ஊருக்குப் போயிடுவேன்."

புதுச்சத்திரம் அருகே ஆறு சதவீதம் காட்டியபோது, சாலையோரம் ஒரு கல்யாண மண்டபம் சீரியல் விளக்குகளோடு மின்னியது. செம்பியன் வண்டியை உள்ளே விட்டார். மணப்பெண்ணின் அப்பா கண்ணாயிரம் வாசலிலிருந்து ஓடிவந்து கையைப் பிடித்தார். "வாங்க வாங்க! ஏன் இவ்ளோ லேட்டு?"

"சார், நாங்க உங்க சொந்தம் இல்ல. எங்களுக்கு ஒரு பிளக் பாயின்ட் மட்டும் போதும்."

"பிளக்கு குடுத்துட்டு சாப்பாடு போடாம அனுப்பினா எனக்குத்தான அசிங்கம்?" என்ற கண்ணாயிரம், சமையல்கட்டு ஓரமாக இருந்த பிளக்கைக் காட்டிவிட்டு இருவரையும் பந்திக்கு அனுப்பினார்.

கார் பின்பக்கம் சார்ஜ் ஏற, அவர்கள் முன்பக்கம் கேசரி சாப்பிட்டார்கள். மேடையேறி போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். மணப்பெண்ணின் அத்தைக்கு எழிலரசி தன் புடவை வாங்கிய கடையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கரண்ட் போய் மண்டபம் மொத்தமும் இருண்டது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை.

கண்ணாயிரம் செல்போன் வெளிச்சத்தில் செம்பியனைத் தேடிப் பிடித்தார்.

"சார், எங்க கரண்ட்டு உங்க வண்டியில இருக்குல்ல? கொஞ்சம் திருப்பிக் குடுங்க. பொண்ணு மேடையில இருட்டுல நிக்கிது."

வண்டியிலிருந்து வெளியேயும் மின்சாரம் எடுக்கலாம் என்று சொல்லி, விற்றவர்கள் ஒரு அடாப்டர் தந்திருந்தார்கள். செம்பியன் அதை மாட்டினார். வயர் சமையல்கட்டு வழியாக மேடைக்குப் போனது. விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, மைக் கீச்சிட்டது. கூட்டம் கைதட்டியது. உடனே மறுபடி இருட்டு.

"எவன்டா கிரைண்டரப் போட்டது?" என்று கண்ணாயிரம் கத்தினார்.

"அப்ப சட்னி வேணாமா?" என்று சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது.

கிரைண்டரை அணைத்ததும் மேடை மீண்டும் ஒளிர்ந்தது. அதற்குள் எழிலரசி ரகசியமாகத் தம்பிக்கு போன் செய்திருந்தாள். அருள்முருகன் கையில் கயிறும் முகமெல்லாம் சிரிப்புமாக வந்து இறங்கினான். ஊரே தன் மாமாவின் காரைச் சுற்றிக் கும்பிடாத குறையாக நிற்பதைப் பார்த்துச் சிரிப்பு நின்றது.

கண்ணாயிரம் அவனை விடவில்லை. "தம்பி, உங்க வண்டி டீசலா? நல்லதாப் போச்சு. இந்தாங்க கேன். பங்க்ல ஜெனரேட்டருக்கு வாங்கியாந்துடுங்க."

அருள்முருகன் மாமாவைப் பார்த்தான். செம்பியன் மேடை அலங்காரத்தை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அவன் கேனோடு திரும்பி வருவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. கண்ணாயிரம் மாமா, மச்சான் இருவருக்கும் சால்வை போர்த்தினார்.

மறுநாள் சிதம்பரத்தில் அக்கம்பக்கத்தாரிடம் அருள்முருகன் சொன்னான்: "நாங்க ரெண்டு பேரும் இல்லன்னா நேத்து அந்தக் கல்யாணமே நின்னுருக்கும்."

செம்பியன் மறுக்கவில்லை. அடுத்து வந்தவர்களிடம் அவரே கதையைச் சொன்னார், இருட்டை இன்னும் கொஞ்சம் கூட்டி.